சுவர் எழும்பிய விதம்: துப்பறியும் நாவலும் அறிபுனையும் நம் விமரிசனமும்

தமிழில் நாவல் விமரிசனத்துக்கு எழுதப்படாத விதியொன்று உண்டு. குடும்பம், சாதி, நிலம், உழைப்பு, தனிமனிதனின் அகம் ஆகியவற்றைப் பேசும் நாவல் வெளிவந்தால் அது மதிப்புரைக்கு உரியது. கொலை நடந்து கொலையாளி தேடப்படும் நாவலோ, நடவாத உலகொன்றில் நிகழும் நாவலோ, நாளைய அறிவியலைக் கற்பனை செய்யும் நாவலோ வெளிவந்தால் அது விளம்பரத்துக்கு மட்டுமே உரியது. இலக்கிய இதழ்களின் மதிப்புரைப் பக்கங்களைத் தொடர்ந்து வாசித்துவரும் நண்பர்கள் இதை அறிவர். இவ்விதி எப்போது பிறந்தது, எதன் பொருட்டுப் பிறந்தது, இன்றும் அதற்குத் தேவை இருக்கிறதா என்ற மூன்று வினாக்களை இக்கட்டுரையில் எழுப்பிப் பார்க்க விரும்புகிறோம்.

நம் நிலைப்பாட்டை முதலிலேயே கூறிவிடுவது நல்லது. இந்தச் சுவரை எழுப்பியவர்கள் காரணமின்றி எழுப்பவில்லை. ஆனால் அவர்கள் அதை எழுப்பியது எழுத்து உற்பத்தி செய்யப்படும் இரு முறைகளுக்கு இடையே. பின்வந்தோர் அதை எழுத்தின் வகைகளுக்கு இடையே நகர்த்தி வைத்தனர். இடம் மாறியதை எவரும் கவனிக்கவில்லை. நாம் இன்று காணும் பல குறைகளுக்கு இந்த இடமாற்றமே காரணம் என்பது நம் கருத்து.

1

தொடக்கத்தில் சுவர் இல்லை. மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறியது. தமிழின் முதல் நாவல் என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவர்க்கு நாம் கற்பிக்கும் நூல் இது. அதில் ஞானாம்பாள் ஆண் வேடம் புனைந்து அயல்நாடு ஒன்றுக்குச் செல்கிறாள். அரசனை இழந்த அந்நாட்டில் யானை அவளுக்கு மாலை சூட்ட, அவள் அரியணை ஏறி நீதி வழங்குகிறாள். நீதிமன்றத்தில் அன்றாடம் வழக்குகளை விசாரித்து வந்த ஒருவர், நீதி பற்றிய தம் கனவைச் சொல்லப் பாட்டி கதையின் யானையை அழைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதனை இன்றைய வழக்கில் மிகுபுனைவு என்போம். அன்றைய வாசகருக்கு அது கதை, அவ்வளவே.

அடுத்து ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. 'விவேக சிந்தாமணி' இதழில் 1893 முதல் 1895 வரை தொடராக வந்து 1896இல் நூலாயிற்று. அதன் மறுபெயர் 'ஆபத்துக்கிடமான அபவாதம்'. மதுரைச் சீமைக் கிராமத்து வாழ்க்கையை அத்துணை நுட்பமாகத் தீட்டியமைக்காக நாம் அதைக் கொண்டாடுகிறோம். அதே நாவலில் பேயாண்டித் தேவன் என்ற கொள்ளைக்காரன் உண்டு, களவு உண்டு, காணாமற்போகும் குழந்தை உண்டு, அவதூறு ஒன்று குடும்பத்தைச் சிதைக்கும் மர்மம் உண்டு. இவற்றை நீக்கிவிட்டால் முத்துஸ்வாமி ஐயரின் துறவுக்கும் அகத்தேடலுக்கும் காரணமே இல்லாமற் போகும். குற்றக் கதை அங்கே ஒட்டவைத்த அலங்காரம் அன்று. நாவலின் தத்துவத்தைத் தாங்கும் தூணே அதுதான்.

ராஜம் ஐயரின் தொடர் வந்துகொண்டிருந்த அதே 1894ஆம் ஆண்டில் பண்டித நடேச சாஸ்திரி, தானவன் என்ற போலீஸ் நிபுணர் கண்டுபிடித்த குற்றங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். தமிழின் முதல் துப்பறியும் கதாபாத்திரம் என்று தானவனைக் குறிப்பிடுவது வழக்கம். நடேச சாஸ்திரி மலினமான கதை வியாபாரி அல்லர். தென்னிந்திய நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி ஆங்கிலத்தில் வெளியிட்டவர், வடமொழி வல்லவர், 'தீனதயாளு' என்னும் சமூக நாவலை 1900இல் எழுதியவர். ஒரே மனிதர், சில ஆண்டு இடைவெளியில், நாட்டார் கதையும் துப்பறியும் கதையும் குடும்ப நாவலும் எழுதினார். இவற்றில் எது இலக்கியம், எது கேளிக்கை என்ற வினா அவர் காலத்தில் எழவில்லை. நாவல் என்பதே புதிய பண்டமாக இருந்தபோது அதற்குள் அறைகள் பிரிப்பதற்குத் தேவை இருக்கவில்லை.

2

அறைகள் பிரிந்தது இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில். ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வந்தது. துப்பறியும் கோவிந்தன் வீடுதோறும் அறிமுகமானார். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலத்திலிருந்து தழுவித் தழுவி எழுபதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். ஷெர்லாக் ஹோம்ஸ் அவர் கையில் ஆனந்தசிங் ஆனார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், துறவியாகவும் துப்பறிவாளராகவும் ஒருசேர விளங்கினார். அவருடைய 'மேனகா' 1935இலும், 'திகம்பர சாமியார்' 1950இலும் திரைப்படங்களாயின. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார்.

இவர்களை இலக்கிய வரலாறுகள் ஒரு பத்தியில் கடந்துவிடும். ஆனால் நாவல் வாசிக்கும் பழக்கம் என்ற ஒன்றைத் தமிழ் நடுத்தர வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தவர்கள் இவர்களே. ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கூடிக் கேட்ட நிலை மாறி, ஒருவர் தனியே மௌனமாகப் படிக்கும் நிலை ஏற்பட்டதில் இந்நாவல்களுக்குப் பங்குண்டு என்பதை ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' (2002) விரிவாக ஆராய்ந்திருக்கிறது. மேலும், துப்பறியும் நாவல் என்ற பெயரில் அன்று எழுதப்பட்டவை குற்றத்தை மட்டும் பேசவில்லை. பொருந்தா மணம், கைம்பெண் நிலை, வக்கீல்களின் சூது, போலி மடாதிபதிகள் என்று அன்றைய சமூகத்தின் அழுக்குகள் யாவும் அவற்றுள் வந்தன. துப்பறிவாளன் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம் என்பது ஒரு வசதி. அக்ரகாரத்து உள்ளறைக்குள் சீர்திருத்தக்காரன் நுழைய முடியாத காலத்தில் கோவிந்தன் நுழைந்தார்.

குறைகளும் கண்கூடானவை. கதையின் எலும்புக்கூடு ரெயினால்ட்ஸ் முதலியோரிடமிருந்து வந்தது. பெயர்கள் மட்டும் மாறின. தீயவர் பிறவியிலேயே தீயவர்; நல்லவர் கடைசிப் பக்கத்தில் பரிசு பெறுவர். மொழி, நாடக மேடையின் மொழி. எழுதும் வேகத்தில் மனிதர்கள் பொம்மைகளாயினர். சுவர் எழுப்பப் புறப்பட்டவர்களின் கோபம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

3

'மணிக்கொடி' 1933இல் தோன்றிற்று. அதைச் சூழ்ந்த எழுத்தாளர்கள் தழுவலைத் தாக்கினர். அயல்நாட்டுக் கதையைச் சொல்லாமல் எடுத்துக் கொள்வதைவிட நேர்மையாக மொழிபெயர்த்துத் தருவதே தக்கது என்பது புதுமைப்பித்தனின் நிலை. இங்கே கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்று உண்டு. தாக்கப்பட்டது தழுவல் என்ற செயல். பேய்க்கதையோ அறிவியல் கற்பனையோ அல்ல. ஏனெனில் மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலைப் 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்தவர் அதே புதுமைப்பித்தன்தான். அறிவியல் புனைகதையின் தாய் என்று உலகு கொண்டாடும் நூல், நவீனத் தமிழ்ச் சிறுகதையின் தலைமகன் கையால் தமிழுக்கு வந்தது என்பதை நம் மாணவர் பலர் அறியார்.

அவருடைய சொந்தப் படைப்புகளையும் எண்ணிப் பார்க்கலாம். 'காஞ்சனை', 'பிரம்ம ராக்ஷஸ்', 'செவ்வாய் தோஷம்', 'கபாடபுரம்', 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. பேய், இரத்தம் குடிக்கும் பிணம், கடலுக்குள் மூழ்கிய நகரம், கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி அருந்தும் கடவுள். இவற்றில் எதையும் வகை எழுத்து என்று நாம் ஒதுக்குவதில்லை. 'காஞ்சனை'யில் வீட்டுக்குள் வந்து தங்கும் பெண் பேயா, உறக்கமற்ற கணவனின் மனமயக்கமா என்பது கடைசிவரை தீர்க்கப்படுவதில்லை. கதையின் அச்சம் அந்தத் தீராமையில் இருக்கிறது. பேய்க்கதையின் இலக்கணத்தை அறிந்து, அதைக் கைக்கொண்டு, அதற்குள் ஒரு நடுத்தரவர்க்கத் தாம்பத்தியத்தை வைத்துப் பார்த்த கதை அது. வகையைக் கைவிட்டதனால் அன்று, வகையை ஆழமாக எடுத்துக்கொண்டதனாலேயே அது இலக்கியமாயிற்று.

இனி க.நா. சுப்ரமண்யத்திடம் வருவோம். சுவரைப் பற்றிப் பேசும் எவரும் அவரையே முதலில் சுட்டுவர். பட்டியல்கள் போட்டார், கறாராக ஒதுக்கினார், வார இதழ் எழுத்தை இலக்கியமாக ஏற்க மறுத்தார் என்பன அவர்மீதான வழக்கமான குற்றச்சாட்டுகள். ஆனால் அவர் எவற்றை மொழிபெயர்த்தார் என்று பாருங்கள். ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை', அவருடைய '1984', ஸெல்மா லாகர்லெவின் 'மதகுரு'. முதலாவது பேசும் மிருகங்களின் கதை. இரண்டாவது எதிர்காலக் கற்பனை. மூன்றாவதில் சாத்தானுடன் உடன்படிக்கை, நாட்டார் தொன்மம் எல்லாம் உண்டு. மிகுபுனைவும் அறிபுனையும் இலக்கியத்துக்கு ஆகாதவை என்ற கருத்து அவருக்கு இருந்திருந்தால் இந்த மூன்று நூல்களுக்காக அவர் உழைத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே அவர் எதை எதிர்த்தார்? வாரந்தோறும் குறிப்பிட்ட பக்கங்களை நிரப்பவேண்டிய கட்டாயம், ஒவ்வோர் அத்தியாயத்தின் இறுதியிலும் வாசகனைக் கொக்கியில் மாட்டவேண்டிய கட்டாயம், கடிதங்களின் எண்ணிக்கையைப் பார்த்துக் கதையை நீட்டவோ சுருக்கவோ வேண்டிய கட்டாயம். இவற்றின் கீழ் எழுதப்படும் நாவல் எந்த வகையாயினும் முழுமை பெறாது என்பதே அவர் வாதம். கல்கியின் வரலாற்று நாவலுக்கும் அது பொருந்தும், குடும்பத் தொடருக்கும் பொருந்தும், துப்பறியும் தொடருக்கும் பொருந்தும். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கி 1970 வரை 'எழுத்து' இதழைக் கைப்பொருள் இழந்து நடத்தியதும் இதே காரணத்துக்காக. எழுதுகிறவன் சந்தையிடம் கேட்காமல் எழுதுவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்துக்கு ஒரு வேலி வேண்டியிருந்தது.

4

வேலி சுவரானது அடுத்த கால் நூற்றாண்டில். வார இதழ்களின் விற்பனை பெருகப் பெருக, சிற்றிதழ்களின் எதிர்ப்பும் இறுகிற்று. துப்பறியும் கதைகளும் அறிவியல் கதைகளும் வார இதழ்களில் மட்டுமே இடம்பெற்றன. சிற்றிதழ்களில் யதார்த்தவாதமே இடம்பெற்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல, இடமே வகையின் அடையாளமாயிற்று. துப்பறியும் கதை என்றாலே 'குமுதம்'. அறிவியல் கதை என்றாலே சுஜாதா. சுஜாதா என்றாலே வணிக எழுத்து. இந்தச் சமன்பாடு ஒரு தலைமுறையின் பொதுப்புத்தியாயிற்று.

சுஜாதா இதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. 'நைலான் கயிறு' 1968இல் 'குமுதம்' இதழில் வந்தது. வக்கீல் கணேஷ் அதில்தான் தோன்றினார். கொலை விசாரணைக்கு நடுவே சுநந்தாவின் நாட்குறிப்புப் பக்கங்களை இடையிட்டு எழுதிய அந்த அமைப்பு, தொடர்கதை உலகில் அன்று புதியது. வாசகனிடம் ஒரு செய்தியைச் சொல்லி அதன் பொருளை மட்டும் மறைத்து வைப்பது எப்படி என்பதை அறிந்த ஒருவரின் எழுத்து அது. 'என் இனிய இயந்திரா' 1980களில் 'ஆனந்த விகட'னில் வந்தது. குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். மனிதர் பெயர்கள்கூடச் சுருக்கப்பட்டுவிட்டன. எல்லாரும் வணங்கும் தலைவர் ஜீவா ஓர் ஒளித்தோற்றம். கணவனைத் தேடும் நிலாவுக்கு ஜீனோ என்ற இயந்திர நாய் துணை.

இந்நாவலை இருவிதமாக வாசித்தனர். ரசிகர்கள் வியந்தனர், தீவிர வாசகர்கள் புறங்கையால் தள்ளினர். வியப்பவரும் தள்ளுபவரும் நாவலிடம் கேள்வி கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டியவை எவ்வளவோ உண்டு. இந்த எதிர்கால இந்தியாவில் சாதி எங்கே போயிற்று? பெயரைச் சுருக்கியதால் அது ஒழிந்ததா, ஒளிந்ததா? நிலத்தை உழுபவர் யார்? ஒளித்தோற்றத்தை வணங்கும் மக்களுக்கும், திரையில் தோன்றிய நடிகர்களை முதல்வர்களாக்கிய தமிழ் மக்களுக்கும் உள்ள உறவை நாவல் எவ்வளவு தூரம் எடுத்துச் செல்கிறது, எங்கே நிறுத்திக்கொள்கிறது? இக்கேள்விகளை மதிப்புடைய விமரிசகர் ஒருவர் அன்றே அச்சில் எழுப்பியிருந்தால், எழுதியவருக்கும் அடுத்து எழுத வந்தவர்களுக்கும் அது பயன்பட்டிருக்கும். சுஜாதா 'கணையாழி'யில் நெடுங்காலம் எழுதியவர். சிற்றிதழ்க்காரர்களை நன்கு வாசித்தவர். இளங்கவிஞர் பலரை அறிமுகம் செய்தவர். விமரிசனத்தைப் பொருட்படுத்தாதவர் அல்லர். சாகித்திய அகாதெமி பரிசு பெறாமலே 2008இல் மறைந்தார். பரிசு கிடைக்காதது பெரிய இழப்பன்று. கறாரான மதிப்புரைகள் போதிய அளவு கிடைக்காததே இழப்பு.

தொடர்கதை முறையின் நெருக்கடிகளையும் அவர் அனுபவித்தார். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பின்னணியாகக் கொண்ட 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்ற தொடர் எதிர்ப்புக் காரணமாக நின்றுபோய், பின்னர் 'ரத்தம் ஒரே நிறம்' என்ற பெயரில் எழுதப்பட்டது. க.நா.சு. எச்சரித்த கட்டாயங்கள் எவ்வளவு உண்மையானவை என்பதற்கு இதுவும் சான்று. எனினும் அக்கட்டாயங்களுக்குள் நின்று ஒருவர் எதைச் சாதித்தார், எதைக் கைவிட்டார் என்று பிரித்துக் காட்டுவதும் விமரிசகனின் பணிதான்.

1980களில் மாத நாவல்கள் பெருகின. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன் ஆகியோரின் நூல்கள் பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கின. அவற்றை வாங்கிப் படித்த தலைமுறையில் பலர் பின்னாளில் தீவிர வாசகர்களாயினர். ஆனால் அப்படி ஆனபின் பழைய வாசிப்பை மறைத்துக் கொண்டனர். கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் நாம் இதை ஆண்டுதோறும் காண்கிறோம். முதலாண்டு மாணவரிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டால் தயக்கமின்றிப் 'பொன்னியின் செல்வன்' என்பார், கணேஷ் வசந்த் என்பார். மூன்றாம் ஆண்டில் அதே மாணவர் அப்பெயர்களைச் சொல்லக் கூசுகிறார். அவருக்கு நாம் கற்பித்தது அந்நாவல்களின் குறைகளை அறியும் முறையன்று. அவற்றை வாசித்தமைக்காக வெட்கப்படும் பழக்கம்தான். முறையைக் கற்பிப்பது கடினம், வெட்கத்தைக் கற்பிப்பது எளிது.

5

இதற்கிடையே சுவரின் இப்பக்கத்திலிருந்தவர்கள் அப்பக்கத்துப் பொருள்களை எடுத்துக்கொள்ளத் தொடங்கினர். தமிழவனின் 'ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்' 1985இல் வந்தபோது மாய யதார்த்தம் என்ற பெயர் கிடைத்தது. 'விஷ்ணுபுரம்' (1997) முற்றிலும் கற்பனையான ஒரு கோயில் நகரை, அதற்கான வரலாறும் ஞான விவாதமும் அழிவும் சேர்த்துக் கட்டியெழுப்பியது. 'உப பாண்டவம்' (2000) பாரதத்தின் இடைவெளிகளுக்குள் புகுந்து நடந்தது. இவை யாவும் மிகுபுனைவுகளே. லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தபோதும் புராணத்திலிருந்து வந்தபோதும் நாம் ஏற்றோம். வார இதழிலிருந்து வந்தபோது மட்டும் ஏற்கவில்லை. அதாவது, நாம் பார்த்தது எங்கிருந்து வந்தது என்பதைத்தான்.

அண்மைக் கால நாவல்கள் மூன்றை வகைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, சுவரில்லாமல் வாசித்தால் என்ன தெரிகிறது என்று பார்க்கலாம்.

இமையத்தின் 'செல்லாத பணம்' 2018இல் வந்தது. அந்நாவலுக்காக அவருக்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது. பொறியியல் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைக் குடும்பத்தின் எதிர்ப்பை மீறி மணக்கிறாள். பின்னர் உடலெங்கும் தீப்பட்டு, புதுவை ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். தீ எவ்வாறு பற்றியது, பற்றவைத்தது யார் என்ற வினா நாவல் முழுதும் உலவுகிறது. குற்ற நாவலின் வினா இதுவே. துப்பறிவாளன் ஒருவனை உள்ளே அனுப்பியிருந்தால் கடைசி அத்தியாயத்தில் விடை வந்திருக்கும். இமையம் தந்தையையும் தாயையும் அண்ணனையும் அண்ணியையும் வாசலில் உட்காரவைக்கிறார். வினா அவர்களை நோக்கித் திரும்புகிறது. அவள் பேச வந்தபோது பேசாமலிருந்தவர்கள் இப்போது பணத்தோடு காத்திருக்கிறார்கள். அந்தப் பணத்தால் ஆவது ஒன்றுமில்லை. குற்றம் எங்கே தொடங்குகிறது என்ற தேடலாக இதை வாசிக்கும்போது நாவலின் இறுக்கம் கூடுகிறது. அழுகையும் அரற்றலும் திரும்பத் திரும்ப வருவதால் சில இடங்களில் அந்த இறுக்கம் தளர்கிறது என்பதும் இவ்வாசிப்பில்தான் தெளிவாகிறது. சமூக நாவல் என்று மட்டும் வாசித்தவர்கள் இந்தப் பலத்தையும் காணவில்லை, இந்தத் தளர்ச்சியையும் காணவில்லை.

பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' 2016இல் வந்தது. 'மாதொருபாகன்' தொடர்பான எதிர்ப்பையடுத்து 2015இல் எழுத்தை நிறுத்துவதாக அறிவித்த அவர், 2016 சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் எழுதிய நாவல் இது. அசுர உருவுடைய ஒருவன் கொடுத்துச் செல்லும் கறுப்புக் குட்டி. ஒரே ஈற்றில் ஏழு குட்டிகள். பிறக்கும் ஒவ்வோர் ஆட்டுக்கும் காதில் துளையிட்டுப் பதிவு செய்யும் அரசு. மனிதரைப் பற்றி எழுத அஞ்ச வேண்டிய சூழலில் ஆட்டைப் பற்றி எழுதினார் என்று இதை உருவகமாக வாசித்து முடிப்பது எளிது. மிகுபுனைவிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அதன் உலகம் தன் விதிகளுக்கு உண்மையாக இருக்கிறதா? பூனாச்சி ஆடாகவே இருக்கும் பக்கங்களில், பசியும் மேய்ச்சலும் குளிரும் நிறைந்த பக்கங்களில், இருக்கிறது. கொங்கு நாட்டு மானாவாரி நிலத்தையும் ஆடு வளர்ப்பையும் உடலால் அறிந்தவரின் எழுத்து அது. அரசாங்கத்தைக் கேலி செய்யவேண்டி மனிதர்கள் வரிசையில் நின்று பேசும் பக்கங்களில் அவ்வுலகம் சற்றே மெலிந்து, நம் செய்தித்தாள் தெரியத் தொடங்குகிறது. கிழவனும் கிழவியும் வாழும் அந்தச் சிறு குடிசையே அரசைவிட வலிமையான கற்பனை என்று நமக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது, க. சுதாகரின் '6174', 2012. தலைப்பிலுள்ள எண், மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராயிருந்த கப்ரேகர் கண்டறிந்தது. எல்லா இலக்கங்களும் ஒன்றாயிராத எந்த நான்கிலக்க எண்ணையும் எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் அடுக்கி, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே சென்றால் ஏழு படிகளுக்குள் 6174 வந்துவிடும். இந்தக் கணித வியப்பையும் லெமூரியா பற்றிய கற்பனையையும் சேர்த்துப் பரபரப்பு நாவலாக்கியிருக்கிறார் ஆசிரியர். தமிழில் அறிவியலை அறிந்து, தகவல்களைத் திரட்டி எழுதும் உழைப்பு அரிது. அதற்காகவே வரவேற்கத்தக்க முயற்சி. கேட்கவேண்டிய கேள்வி லெமூரியாவைப் பற்றியது. ஸ்கிளேட்டர் 1864இல் முன்வைத்த ஊகம் அது. கண்டங்கள் நகர்கின்றன என்ற கொள்கை நிலைபெற்றபின் நிலவியலாளர் கைவிட்டனர். நம்மிடையே அது குமரிக் கண்டமாக மாறி இன்றும் வாழ்கிறது. நாவலாசிரியருக்கு அதைப் பயன்படுத்த முழு உரிமை உண்டு. ஆனால் அறிவியல் கைவிட்டதை அறிவியல் நாவல் எடுத்துக்கொள்ளும்போது, கைவிட்டது ஏன் என்பதையும் கதைக்குள் எதிர்கொண்டால் நாவல் வலிமை பெறும். ஓர் இனம் தன் மூழ்கிய நிலத்தை ஏன் இவ்வளவு விரும்புகிறது என்பதே எந்தப் படிகத்தையும்விடப் பெரிய புதிர். புதுமைப்பித்தன் 'கபாடபுர'த்தில் தொட்ட புதிரும் ஏறக்குறைய அதுவே.

மூன்று நாவல்களிலும் நாம் கேட்ட கேள்விகள் வெவ்வேறு. குற்ற நாவலிடம், குற்றத்தின் வேர் எவ்வளவு ஆழம் தோண்டப்பட்டது என்று கேட்டோம். மிகுபுனைவிடம், அதன் உலகம் தன் விதியை மீறுகிறதா என்று கேட்டோம். அறிபுனையிடம், அது அறிவியலோடு நேர்மையாக மோதுகிறதா என்று கேட்டோம். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய அளவுகோலைக் கைக்கொண்டபின் எல்லாவற்றுக்கும் பொதுவான இறுதிக் கேள்வியும் உண்டு: இதிலுள்ள மனிதர்கள் கதையின் தேவைக்காக மட்டும் அசைகிறார்களா, தம் தேவைக்காகவும் அசைகிறார்களா? ரங்கராஜுவின் பாத்திரங்கள் இக்கேள்வியில்தான் தோற்றன. எழுத்தின் வகை அவர்களைத் தோற்கடிக்கவில்லை. தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' 1866இல் இதழ்த் தொடராகத்தான் வந்தது. அதில் கொலையும் உண்டு, விசாரணை அதிகாரியும் உண்டு. ரஸ்கோல்னிகோவ் யாருடைய கதைத் தேவைக்காகவும் அசைபவன் அல்லன்.

6

சுவர் எழுந்த காரணங்கள் இன்று என்னவாயின? வார இதழ்த் தொடர்கதை தன் பழைய ஆட்சியை இழந்துவிட்டது. செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்த 1990களுக்குப் பின் மாத நாவல்களின் பரப்பும் சுருங்கிற்று; பின்னர் கைப்பேசி வந்தது. இன்று துப்பறியும் நாவலோ அறிபுனையோ எழுத வரும் இளைஞருக்கு அத்தியாய இறுதியில் கொக்கி மாட்டும்படி எந்த ஆசிரியரும் ஆணையிடுவதில்லை. 'அரூ' இணைய இதழ் 2019இல் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தியபோது எழுதியவர்கள் சந்தைக்காக எழுதவில்லை. தீவிர இலக்கியம் வாசித்துவிட்டே வந்திருந்தனர். செல்லப்பா காக்க விரும்பிய சுதந்திரம் இன்று துப்பறியும் கதை எழுதுபவருக்கும் இருக்கிறது. பெரிய வருவாய் அவருக்கும் இல்லை. சிறிய பதிப்பகமும் சில நூறு வாசகருமே அவருக்கும் வாய்க்கின்றனர். உற்பத்தி முறையில் இருந்த வேறுபாடு கரைந்துவிட்டது. மதிப்புரைப் பக்கம் மட்டும் பழைய எல்லையைக் காத்துக்கொண்டிருக்கிறது.

இதனால் எல்லா நாவலும் ஒரு தரம் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டா. சுவரை அகற்றினால் தரம் பிரிக்கும் வேலை கூடுமேயன்றிக் குறையாது. இதுவரை ஒரு வகையையே மொத்தமாக ஒதுக்கி நேரத்தை மிச்சப்படுத்தினோம். இனி ஒவ்வொரு நூலையும் படித்துத்தான் ஒதுக்கவேண்டும். மோசமான துப்பறியும் நாவலை, அது துப்பறியும் நாவல் என்பதற்காக அல்லாமல், துப்பறியும் நாவலாகவே அது ஏன் மோசம் என்று காட்டவேண்டும். மோசமான யதார்த்த நாவலுக்கும் அதே கறார் வேண்டும். கிராமத்தையும் துயரையும் எழுதிவிட்ட காரணத்தாலேயே மதிப்புரையில் இடம்பெற்றுவிடும் நாவல்களும் நம்மிடம் உண்டு. சுவர் அவற்றையும் பாதுகாத்து வந்திருக்கிறது.

க.நா.சு.வின் கறார்த்தன்மையை நாம் கைவிடச் சொல்லவில்லை. அவர் ஆர்வெல்லை எடுத்துவந்த கையையும் நினைவில் கொள்ளுங்கள் என்றே வேண்டுகிறோம். இலக்கிய இதழ்கள் ஆண்டுக்கு நான்கு மதிப்புரைகளையேனும் இவ்வகை நாவல்களுக்கு ஒதுக்கலாம். வகையின் இலக்கணம் அறிந்தவரிடம் எழுதித் தரச் சொல்லலாம். பாராட்டு வேண்டியதில்லை, படித்த அடையாளம் போதும். தமிழ்த்துறைகள் தானவனையும் கோவிந்தனையும் திகம்பர சாமியாரையும் முனைவர் பட்ட ஆய்வுகளின் அடிக்குறிப்பிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவரலாம். 'நைலான் கயிறு' வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. சுநந்தாவின் நாட்குறிப்பு அந்நாவலில் செய்யும் வேலையைப் பற்றி மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் கூச்சமின்றி ஐந்து பக்கம் எழுதித் தரட்டும். குறைகளையும் அவரே எழுதட்டும். நம் பங்குக்கு வரும் பருவத்தில் அதையே ஒப்படைப்பாகக் கொடுக்க எண்ணியிருக்கிறோம்.